நம்பிக்கையின் மறுபதிப்பு

கிறிஸ்தவ ஊழியர்களின் வாழ்க்கை வரலாறுகளை மொழிபெயர்க்கும்போது எனக்கு அலுப்புத் தட்டும் இடம் ஒன்று உண்டு. சோதனை வருகிறது. ஊழியர் முழங்காலில் நிற்கிறார். அடுத்த பத்தியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. இரண்டு பத்திகளுக்கும் நடுவே எத்தனை இரவுகள் கழிந்தன என்பதை யாரும் எழுதுவதில்லை. அந்த இரவுகளை மறைக்க முடியாத வாழ்க்கை வில்லியம் கேரியுடையது.

இங்கிலாந்தில் 1761ல் பிறந்து, செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1793ல் வங்காளம் வந்து சேர்ந்தார். மனைவி டாரதிக்குப் புறப்பட விருப்பமே இல்லை. கடைசி நேரத்தில்தான் இணங்கினார். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரதியின் மனம் பேதலித்தது. 1807ல் இறக்கும்வரை தெளியவில்லை. கேரி மட்னாபதியில் அவுரித் தொழிற்சாலையைக் கவனித்தபடியே வங்காளி கற்றார், பைபிளை மொழிபெயர்த்தார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்டவர்கள் உண்டு, சபையில் சேர்ந்த வங்காளி ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்து நாட்குறிப்பில் தன் தனிமையையும் உள்ளத்தின் வறட்சியையும் அவர் ஒளிக்கவில்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1800 டிசம்பர் 28ல், டேனிஷ்காரர்கள் ஆண்ட சீராம்பூரில், கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். முதல் பலன். அன்றைக்கும் டாரதி நோயின் பிடியில்தான் இருந்தார். கிருஷ்ண பாலின் பிசகிய தோளைச் சரிசெய்த சக ஊழியர் டாக்டர் ஜான் தாமஸும் அப்போது புத்தி கலங்கிக் கிடந்தார். மகிழ்ச்சி வந்தது, துக்கம் வெளியேறிய பிறகு அல்ல, அதன் பக்கத்திலேயே.

பெரிய அடி 1812 மார்ச் 11 மாலையில் விழுந்தது. சீராம்பூர் அச்சகத்தில் தீ. கல்கத்தாவில் கல்லூரிப் பணியில் இருந்த கேரிக்கு மறுநாள் காலை மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார். காகிதக் குவியலும் பல மொழிகளின் அச்செழுத்துகளும் போயின. தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்கள், கன்னடப் புதிய ஏற்பாடு, ராமாயண மொழிபெயர்ப்பு, பன்மொழி அகராதி என்று பல கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின.

மொழிபெயர்ப்பவர்களுக்குத்தான் இந்த இழப்பின் முழு கனமும் தெரியும். காகிதத்தை மறுபடி வாங்கலாம். மூன்று நாள் தவித்துப் பிடித்த ஒரு சொல்லை எந்தக் கடையில் வாங்குவது? நான்கு பக்கம் தொலைந்தாலே திரும்ப உட்கார மனம் வராது.

கேரி கலங்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வாரமே 46ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். நம்மை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை கடவுளுக்கு உண்டு, அதை ஏற்பது நம் கடமை என்பது அதன் சாரம். பிறகு மேஜைக்குத் திரும்பினார். ஒருமுறை நடந்த பாதையில் மறுமுறை நடப்பது சற்று எளிது என்று கடிதத்தில் தன்னைத் தேற்றிக்கொண்டார். இடிபாடுகளைக் கிளறிய வார்டுக்கு எழுத்து வார்க்கும் மூல அச்சுகள் சேதமில்லாமல் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. உருகி ஓடிய ஈயத்தையே மீண்டும் எழுத்தாக வார்த்தார்கள்.

இதையெல்லாம் ஊழியத்தின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. டாரதியின் கண்ணீரைக் கணவரின் சோதனைப் பட்டியலில் ஓர் உருப்படியாக எழுதிவிட முடியாது. அந்த ஊழியத்துக்கு அதிக விலை கொடுத்தவர் அவர்தான். கடவுளிடம் நம்பிக்கை என்பது இந்த உண்மையை மூடிவைக்கும் துணியாக இருக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த கிராமத்துப் போதகர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் சொன்னார்: "அண்ணே, மத்தவங்களுக்காக ஜெபம் பண்ண முடியுது. எனக்காகப் பண்ண வாய் வரமாட்டேங்குது." பதினோரு வருட உழைப்பு. இளைஞர்கள் பிழைப்புத் தேடிப் போய்விட, சபையில் மிஞ்சியவர்கள் சில மூதாட்டிகள். மேலிடத்தில் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்கள் என்ற பயம் வேறு. அவருக்கு நான் உபதேசம் செய்யவில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னேன். இருளிலேயே முடியும் ஜெபம் அது. ஆறுதல் வரி ஒன்றுகூடக் கடைசியில் இல்லை. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குக் கடவுள் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. சுட்ட அப்பமும் தண்ணீரும் தூக்கமும். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். சோர்ந்த போதகருக்கு அவருடைய சபை செய்யக்கூடிய முதல் உதவியும் அதுதான்: ஒரு மாத ஓய்வு, ஒரு வேளைச் சாப்பாடு, குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரு காது.

1834ல் கேரி இறந்தபோது ஆறு இந்திய மொழிகளில் முழு பைபிள் அவருடைய கணக்கில் இருந்தது. தீயில் எரிந்த பன்மொழி அகராதி மட்டும் திரும்ப வரவே இல்லை. நம்பிக்கை எல்லாவற்றையும் மீட்டுத் தருவதில்லை. மிஞ்சிய ஈயத்தை வைத்து அடுத்த எழுத்தை வார்க்கும் தெம்பைத் தருகிறது.