நாம் யாரை எடுக்கப் போகிறோம்?

மூன்று ஆண்டுகளில் 324 ஆட்டங்களில் தோற்ற ஓர் அணிக்கு ரசிகர்கள் மிச்சம் இருப்பார்களா? இருந்தார்கள். நான் அவர்களை நேரில் பார்த்ததைவிட வானொலியில் கேட்டதுதான் அதிகம்.

அந்த அணி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஆஸ்ட்ரோஸ் 2011இல் 106 ஆட்டங்களில் தோற்றது. 2012இல் 107. 2013இல் 111. ஊடகப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளை முடிக்க நான் அந்த நகரத்துக்குப் போனது 2013 தொடக்கத்தில். சுபாங் ஜெயாவில் இரண்டு ஆண்டு, அமெரிக்காவில் இரண்டு ஆண்டு என்று அப்போது பலர் போன வழிதான். பேஸ்பாலில் எனக்குத் தெரிந்தது மட்டை, பந்து, தொப்பி மட்டுமே.

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பகுதிநேர வேலை கிடைத்தது. ஒரு காதில் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். நேயர்கள் அழைத்துப் பேசும் விளையாட்டு நிகழ்ச்சியைத்தான் அதிகம் கேட்பேன். அறிவிப்பாளர் ஆகும் ஆசை இருந்ததால், கோபமாகப் பேசும் நேயரை அந்த அறிவிப்பாளர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதுதான் எனக்குப் பாடம். ஆனால் மே மாதம் பிறந்ததும் பேச்சே மாறிவிட்டது. முந்தைய இரவு தோற்ற ஆட்டத்தைப் பற்றி இரண்டு நிமிடம், மீதி நேரம் முழுவதும் ஜூன் 6ஆம் தேதி நடக்கவிருந்த டிராஃப்ட்.

டிராஃப்ட் என்பது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் நாள். அமெரிக்க பேஸ்பாலில் இது 1965இல் தொடங்கியது. இடைநிலைப்பள்ளி முடித்தவர்களும் பல்கலைக்கழக அணிகளில் ஆடுபவர்களும் பட்டியலில் இருப்பார்கள். அப்போதிருந்த விதிப்படி, முந்தைய ஆண்டு மிக மோசமாகத் தோற்ற அணிதான் முதலில் எடுக்கும். 30 அணிகள், 40 சுற்றுகள், 1,200க்கும் மேற்பட்ட பையன்கள். தோல்விக்குக் கிடைக்கும் ஒரே பரிசு அந்த முதல் இடம். ஆஸ்ட்ரோசுக்கு அது 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கிடைத்தது.

2013இல் வானொலியில் அடிபட்ட பெயர்கள் மூன்று. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் பந்து வீச்சாளர் மார்க் ஆப்பெல். சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் கிரிஸ் பிரையன்ட். அந்தப் பருவத்தில் மட்டும் 31 ஹோம் ரன் அடித்தவர். ஒக்லஹோமாவின் வேகப் பந்து வீச்சாளர் ஜோனத்தன் கிரே.

லாரி ஓட்டுநர் ஒருவர் அழைத்து ஆப்பெலைத்தான் எடுக்க வேண்டும் என்பார். ஆப்பெல் பிறந்தது ஹூஸ்டனில், ஊர்ப் பிள்ளையை விடலாமா என்பது அவர் வாதம். அடுத்து ஒரு பெண்மணி வருவார். பந்து வீசும் கையை நம்பிப் பணம் போடாதீர்கள், தோள் போனால் எல்லாம் போச்சு, அடிப்பவனை எடுங்கள் என்பார். உடனே யாராவது 1991ஆம் ஆண்டுக் கதையை இழுப்பார். அந்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர், ஒரு கைகலப்பில் தோளைக் காயப்படுத்திக்கொண்டு மேஜர் லீக்கை எட்டாமலே போனார். அதற்குப் பதிலாக வேறொருவர் 1966க்குப் போவார். நியூயார்க் மெட்ஸ் அன்று ஸ்டீவ் சில்காட்டை எடுத்து, ரெஜி ஜாக்சனை விட்டது. சில்காட் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஜாக்சன் புகழரங்கில் இடம் பிடித்தார். இப்படி ஐம்பது ஆண்டுக் கதைகளை விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புதிதாகப் பட்டது. காற்பந்தில் அணி ஒருவரை வாங்கினால் அடுத்த வாரமே திடலில் பார்க்கலாம். பேஸ்பாலில் அப்படி இல்லை. எடுக்கப்பட்ட பையன் மைனர் லீக்கின் சின்ன ஊர்களில் பேருந்து ஏறி இறங்கிப் பல ஆண்டு ஆட வேண்டும். பெரும்பாலோர் மேலே வருவதே இல்லை. அப்படியென்றால் இவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவது, தாங்கள் நேரில் பார்த்திராத, இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பார்க்கவும் முடியாத ஒருவருக்காக!

எங்கள் நூலகத்தில் மாலை நேரக் காவலர் ஒருவர் இருந்தார். வயது அறுபதுக்கு மேல். அவரிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டு அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "பிள்ளை, எங்க டீம் இன்னிக்கு ராத்திரியும் தோத்துடும். அது தெரிஞ்ச கதை. இந்தப் பையன் இன்னும் எங்களுக்காக ஒரு ஆட்டத்துலயும் தோக்கலையே!"

அதன் பிறகு அந்த அழைப்புகளை வேறு காதால் கேட்டேன். பேசியவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "நாம் யாரை எடுக்கப் போகிறோம்?" ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒன்றுதான். என் காதில் அது 'நாம்' என்றே விழுந்தது. எங்கிருந்தோ வந்து புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துக்கொண்ட 'நாம்'. அந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அதுதான்.

ஆஸ்ட்ரோஸ் ஆப்பெலை எடுத்தது. கையெழுத்துப் பணம் 63 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இரண்டாவது இடத்தில் இருந்த சிகாகோ கப்ஸ் பிரையன்டை எடுத்தது. ஆப்பெல் 1991இல் பிறந்தவர், ஏறக்குறைய என் வயது. ஒரு நகரமே தன்னைப் பற்றிப் பேசுவதை 21 வயதில் அவர் எப்படித் தாங்குகிறார் என்று அன்றிரவு யோசித்தது நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு இன்னும் சிக்கல். முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் பிரேடி ஏக்கன், பள்ளி முடித்த இடக்கைப் பந்து வீச்சாளர். 65 லட்சம் டாலர் என்று பேசி முடித்திருந்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரில் சந்தேகம் வர, அணி தொகையைக் குறைத்தது. ஜூலை 18 கெடு முடிந்தது; ஒப்பந்தம் ஆகவில்லை. டிராஃப்டில் ஓர் அணி செலவிடும் மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டு. ஏக்கன் போனதும் அவருக்கான ஒதுக்கீடும் போய்விட்டது. அதனால் ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டு, 15 லட்சம் டாலருக்குப் பேசி வைத்திருந்த ஜேக்கப் நிக்ஸ் என்ற பையனின் ஒப்பந்தமும் விழுந்தது. வானொலியில் பாதிப் பேர் அணியைத் திட்டினார்கள். மறுபாதி, பணம் தப்பியது என்றார்கள். இரண்டு பையன்களும் அன்று வீட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்று கேட்க ஒருவரும் அழைக்கவில்லை.

பிறகு நடந்ததை யாரும் கணிக்கவில்லை. ஏக்கனுக்கு 2015இல் முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது. அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. அவரை இழந்ததற்கு ஈடாக ஆஸ்ட்ரோசுக்கு 2015இல் இரண்டாவது இடம் கிடைக்க, அதில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன். 2012இல் எடுத்த கார்லோஸ் கொரேயாவும் அவரும் சேர்ந்து ஆட, 2017இல் அணி வெற்றியாளர் ஆனது. எதிரணியின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படித்தது பின்னர் அம்பலமானது. 2020இல் விதிக்கப்பட்ட தண்டனையில் 50 லட்சம் டாலர் அபராதத்தோடு, இரண்டு ஆண்டுகளுக்கு டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுகளும் பறிக்கப்பட்டன. காவலர் சொன்ன 'இன்னும் தோற்காத பையனை' எடுக்கும் உரிமைதான் போனது. ரசிகருக்கு எது வலிக்கும் என்று தெரிந்தே கொடுத்த தண்டனை.

நான் இப்போது மைக்கின் இந்தப் பக்கம் இருக்கிறேன். எஸ்பிஎம் முடிவு வரும் நாளில் பெற்றோர் அழைப்பார்கள். எத்தனை ஏ, எந்தப் பல்கலைக்கழகம், டாக்டரா, பொறியியலாளரா என்று பேச்சு ஓடும். அதிலும் ஒரு 'நாம்' இருக்கிறது. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பிள்ளையே தொலைபேசியை வாங்கினால், என்ன ஆகப் போகிறாய் என்று கேட்பதில்லை. "நேத்து ராத்திரி தூங்குனியாம்மா?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் ஒரு சிரிப்பு வரும். சில நேரம் நிம்மதியாக ஒரு மூச்சு.

ஆப்பெல் என்ன ஆனார்? தோளிலும் முழங்கையிலும் காயம். 2015 இறுதியில் ஆஸ்ட்ரோஸ் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டது. 2018இல் ஆட்டத்தையே விட்டு விலகினார். அதற்குள் பிரையன்ட் சிகாகோவுக்கு 108 ஆண்டுகளில் முதல் வெற்றியைத் தேடித் தந்திருந்தார். 2013இல் பிரையன்ட் பக்கம் நின்று வாதாடியவர்களுக்கு அத்தோடு வழக்கு முடிந்துவிட்டது.

ஆப்பெலுக்கு முடியவில்லை. 2021இல் திரும்பி வந்து மைனர் லீக்கில் மறுபடி பேருந்து ஏறினார். 2022 ஜூன் 29 அன்று, தம் 30ஆவது வயதில், ஃபிலடெல்ஃபியா அணிக்காகக் கடைசி இன்னிங்ஸில் பந்து வீச வந்தார். நமக்கு அப்போது மறுநாள் காலை. நிகழ்ச்சியை முடித்துவிட்டு அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்தேன். அவருடைய அணி தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம் அது. அவர் வீசிய இன்னிங்ஸில் எதிரணியால் ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை. அரங்கில் இருந்த ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் கை தட்டினார்கள். அவரை எடுக்கலாமா வேண்டாமா என்று அந்த ஊரில் யாரும் சண்டை போட்டதில்லை.