வெட்பாலைக் கட்டையில் ஒரு சொப்புச் சமையலறை!

கடைசல் இயந்திரத்தில் கட்டை சுழல்கிறது. அதன்மேல் மஞ்சள் நிற அரக்குக் குச்சியை லேசாக அழுத்துகிறார் கைவினைஞர். உரசலில் பிறக்கும் சூட்டில் அரக்கு இளகி, வெளிர் மரத்தின்மேல் ஒரு வளையமாக ஏறுகிறது. அடுத்து சிவப்பு, பிறகு பச்சை. கடைசியாகக் காய்ந்த தாழை ஓலையை வைத்துத் தேய்க்கிறார். மங்கலாக இருந்த நிறம் பளபளவென்று மின்னத் தொடங்குகிறது. தூரிகை கிடையாது, பெயின்ட் டப்பா கிடையாது. சற்று முன்புவரை விறகு போலக் கிடந்த கட்டை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குடமாகிவிட்டது.

ஆந்திராவின் ஏட்டிகொப்பாகா கிராமத்தில், பட்டறைக்குப் பட்டறை பார்க்கக் கிடைக்கும் காட்சி இது.

வராக நதிக்கரை ஊர்

சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகும் ரயிலில் துனியைத் தாண்டியதும் இரு பக்கமும் கரும்புத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் தொடங்கிவிடும். வெல்லச் சந்தைக்குப் பேர்போன அனகாபல்லி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பெயரில் 2022-ல் உருவான மாவட்டத்தில், வராக நதிக்கரையில் இருக்கிறது ஏட்டிகொப்பாகா. விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 65 கி.மீ. சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சிறிது தூரம் உள்ளே போனால் ஊர் வந்துவிடும்.

முதல் பார்வைக்கு மற்ற கடலோர ஆந்திர கிராமங்களைப் போலத்தான் தெரியும். ஆனால், தெருவுக்குள் நடந்தால் கடைசல் சத்தம் கேட்கும். வாசலில் மரச்சீவல் குவிந்திருக்கும். காய்வதற்காகக் கிளைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் பட்டறை.

இங்கே தலைமுறைகளாகச் செய்யப்படுவதில் முக்கியமானது 'லக்க பிடதலு'. லக்க என்றால் அரக்கு. குட்டி அடுப்பு, குட்டிப் பானை, அம்மி, உரல், குடம், கரண்டி என ஒரு முழுச் சமையலறையே கைக்குள் அடங்கிவிடும். நம் ஊரில் சொப்பு சாமான் என்கிறோமே, அதேதான். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு வைத்து விளையாடிய பாட்டிமார்கள் இதைப் பார்த்தால், 'இது நம்ம வீட்டுல இருந்துச்சே' என்றுதான் சொல்வார்கள். இதைத் தவிர பம்பரங்கள், கிலுகிலுப்பைகள், குங்குமச் சிமிழ்கள், மாட்டு வண்டிகள், சாமி உருவங்கள் ஆகியவையும் உண்டு. ஆந்திராவில் தசராவுக்கு மட்டுமல்ல, சங்கராந்திக்கும் 'பொம்மல கொலுவு' வைக்கிற வழக்கம் இருக்கிறது. இந்தப் பொம்மைகளுக்குக் கிராக்கி கூடும் நாள்கள் அவை.

நமக்குத் தெரிந்த மரம்தான்

பொம்மைகளுக்கு இங்கே பயன்படுத்துவது 'அங்குடு கர்ரா'. பெயர்தான் புதிது. மரம் நமக்குப் பழக்கமானது. சரும நோய்க்கு வெட்பாலைத் தைலம் தேய்க்கிறோமே, அந்த வெட்பாலைதான் இது. வெள்ளை வெளேரென்ற மரம். மென்மையானது. இழை அவ்வளவாகத் தெரியாது. உளி பட்டால் பிளக்காமல் வெண்ணெய் போலச் சீவிக்கொண்டு வரும். நிறம் ஏற்றுவதற்கு இப்படியொரு வெள்ளைத் தளம் கிடைப்பது அபூர்வம்.

வெட்டிய கிளையை உடனே கடைய முடியாது. ஈரம் முழுவதும் போகும்வரை காய விட வேண்டும். அவசரப்பட்டால், செய்து முடித்த பொம்மை பிறகு சுருங்கி வெடித்துவிடும். முன்பெல்லாம் ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிப்பார். இப்போது பெரும்பாலும் மின் மோட்டார். ஆனால், உளியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் இன்னும் கைக்கணக்குதான். மூடியும் சிமிழும் தனித்தனியாகக் கடையப்பட்டு, ஒன்றோடு ஒன்று 'டக்' என்று பொருந்த வேண்டும். அதற்கு அளவுகோல் கிடையாது.

சுழற்றிக் கடைவதால் இந்தப் பொம்மைகளில் கூர்முனையே இருப்பதில்லை. எல்லாமே உருண்டை, வளைவு. கைக்குழந்தையிடம் பயமில்லாமல் கொடுக்கலாம். அப்படியே வாயில் வைத்துவிட்டால்? அங்கேதான் இந்த ஊரின் உண்மையான கதை இருக்கிறது.

நிறம் மாறிய கதை

அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைத் தணலில் காட்டி, மிட்டாய்க்காரர் பாகை இழுப்பதுபோல இழுத்து, மடித்து, நிறம் சேர்த்துப் பிசைந்து குச்சியாக உருட்டிக்கொள்வார்கள். முன்னோர் சேர்த்தது செடிகொடிகளின் நிறம். கடையில் ரசாயனச் சாயம் வந்ததும் அந்த வேலை எளிதானது. ஒரு சிட்டிகைப் பொடியிலேயே கண்ணைப் பறிக்கும் நிறம், விலையும் குறைவு. பழைய முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் மறந்தது.

ஆனால், மலிவான சாயங்கள் சிலவற்றில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கும். குழந்தை கடித்துச் சப்பும் பொருளில் அது இருக்கலாமா? பல நாடுகள் பொம்மைகளில் ஈயத்துக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தன. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் பொம்மைகள் வந்து குவிந்தன. மரச் சொப்பு கேட்பார் இல்லாமல் போனது. பட்டறையை விட்டுவிட்டு வேறு வேலை தேடினார்கள் பலர்.

அந்தக் காலகட்டத்தில் ஊருக்குத் திரும்பியவர் சி.வி.ராஜு. இந்தக் கலையை ஆதரித்து வந்த ஏட்டிகொப்பாகா ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேளாண்மை படித்தவர். செடிகளைப் பற்றித் தெரிந்த அவர், பொம்மைக்குப் பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார்.

கேட்பதற்குச் சுலபம். செய்வது அப்படியல்ல. மஞ்சளோ அவுரியோ, செடியின் நிறத்தை இறக்கத் தண்ணீர் வேண்டும். அரக்கோ தண்ணீரோடு சேரவே சேராது. நிறத்தைச் சுண்டக் காய்ச்சி, நீரை வெளியேற்றி, அரக்கோடு சரியான பக்குவத்தில் பிசைய வேண்டும். கொஞ்சம் பிசகினால் அரக்கு ஒட்டாது. அல்லது நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். பல முறை செய்து பார்த்துத்தான் அந்தப் பக்குவம் கைவந்தது. மஞ்சளிலிருந்து மஞ்சள், ஜாப்ரா விதையிலிருந்து ஆரஞ்சு, அவுரியிலிருந்து நீலம், அவுரியும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று ஒரு புது வண்ணப்பெட்டி உருவானது.

நிறத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 'பத்மாவதி அசோசியேட்ஸ்' என்ற பெயரில் கைவினைஞர்களை ஒன்றுசேர்த்தார். பழைய சொப்புகளோடு புதிய வடிவங்களையும் செய்யத் தொடங்கினார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ஏட்டிகொப்பாகா பொம்மைகளையும் ராஜுவையும் குறிப்பிட, நாடு முழுக்கப் பெயர் பரவியது. 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2025 குடியரசு தின அணிவகுப்பில் ஆந்திர அரசின் அலங்கார ஊர்தியாக டெல்லி கர்த்தவ்ய பத்தில் வலம் வந்ததும் இந்த மரப்பொம்மைகள்தான். முன்பு அந்தப் பாதைக்குப் பெயர் ராஜபாதை.

விற்பதும் ஒரு கலை

விருதும் பாராட்டும் ஒரு பக்கம். சொந்தப் பட்டறை வைத்து, தானே செய்து, தானே விற்கும் ஒரு கைவினைஞரின் கவலை வேறு. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. மரம் வாங்க, அரக்கு வாங்க முதலில் கையிலிருந்துதான் பணம் போட வேண்டும். கொலு சீசனில் விற்றால்தான் மற்ற மாதங்களை ஓட்ட முடியும்.

கண்காட்சியில் கடை போட்டால், அவர் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி, "இத்துணூண்டு பொம்மைக்கு இவ்வளவு விலையா?" என்பதுதான். பக்கத்துக் கடையில் அதே அளவு பிளாஸ்டிக் செட் பாதி விலைக்குக் கிடைக்கும். கேட்பவரின் மேல் தவறில்லை. பொம்மையைப் பார்த்தால் பொம்மை மட்டும்தான் தெரியும். மரம் காய்ந்த நாள்களோ, நிறம் காய்ச்சிய நேரமோ வெளியே தெரியாது.

அதனால்தான் விவரம் தெரிந்த கைவினைஞர்கள் கண்காட்சிக்குப் பொம்மையை மட்டும் எடுத்துப் போவதில்லை. ஒரு துண்டு வெட்பாலைக் கட்டை, ஒரு அரக்குக் குச்சி, கொஞ்சம் ஜாப்ரா விதை ஆகியவற்றையும் மேஜையில் வைக்கிறார்கள். விதையை உள்ளங்கையில் வைத்து நசுக்கிக் காட்டினால் போதும். கையில் ஒட்டும் ஆரஞ்சு நிறமும் பம்பரத்தில் இருக்கும் ஆரஞ்சு நிறமும் ஒன்றுதான் என்று குழந்தைக்கே புரிந்துவிடும். இளைய தலைமுறை செல்போனில் படமெடுத்து அனுப்பி, ஆர்டர் பிடித்து, கூரியரில் அனுப்புகிறது. இடைத்தரகருக்குப் போகும் பங்கு இதனால் குறைகிறது. ஆனால், படத்தில் அரக்கின் வழவழப்பு தெரியாது. ரசாயனச் சாயம் பூசிய பொம்மைதான் படத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். செடியின் நிறம் கொஞ்சம் அடங்கியே இருக்கும்.

இந்தப் போட்டியில் கைகொடுக்கும் ஒன்று, ஏட்டிகொப்பாகா பொம்மைகளுக்கு 2017-ல் கிடைத்த புவிசார் குறியீடு. இது வெறும் கௌரவம் அல்ல. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரமுத்திரை கட்டாயமானது. பரிசோதனைக் கூடம், கட்டணம் என்று அலைவது ஒற்றைப் பட்டறைக்காரரால் ஆகிற காரியமா? மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்தவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அந்த ஒரு பதிவுத்தாள் இல்லாவிட்டால், தாத்தா காலத்துப் பொம்மையையே சட்டப்படி விற்க முடியாத நிலை வந்திருக்கும்.

தீராத கவலை ஒன்றும் இருக்கிறது. அது மரம். சுற்றுப்புறக் காடுகளிலிருந்து வந்த வெட்பாலை முன்புபோல் எளிதாகக் கிடைப்பதில்லை. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் மரம்தான் என்றாலும், துளிர்த்த கிளை கடைசலுக்கு ஏற்ற கனத்துக்கு வளர ஆண்டுகள் வேண்டும். நிறத்தை மீட்ட ஊர், மரத்தை நட்டு வளர்த்தால்தான் அடுத்த தலைமுறைக்கு உளி பிடிக்க வேலை இருக்கும்.

போகிறவர்களுக்கு

ரயிலில் போகிறவர்கள் துனியிலோ அனகாபல்லியிலோ இறங்கிச் சாலை வழியாக ஊரை அடையலாம். விசாகப்பட்டினம் சுற்றுலா போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். வெயிலுக்கு முன் போவது நல்லது. அனகாபல்லிக்கு அருகே சங்கரம் கிராமத்தில் பொஜ்ஜன்னகொண்டா என்ற பழைமையான பௌத்தக் குடைவரைகள் இருக்கின்றன. துனிப் பக்கம் போனால் அன்னவரம் சத்யநாராயண சுவாமி கோயில். இரண்டில் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊருக்குப் போக முடியாதவர்கள், ஆந்திர அரசின் லேபாட்சி விற்பனை நிலையங்களில் இந்தப் பொம்மைகளைத் தேடலாம்.

பட்டறையில் வாங்கும்போது, "இந்த நிறம் எதிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். இயற்கை நிறத்தில் செய்பவர், அதை விளக்கக் காத்திருப்பார். சில வேளை பேச்சை நிறுத்திவிட்டு, கட்டையை மாட்டி உங்கள் கண்முன்னே ஒரு பம்பரம் கடைந்தே காட்டிவிடுவார்.

வாங்கிய பொம்மையை எப்படிப் பார்த்துக்கொள்வது? வெந்நீரில் கழுவக் கூடாது. அரக்கு சூட்டுக்கு இளகும். சானிடைசர் பட்டாலும் கெட்டுவிடும், ஆல்கஹாலில் அரக்கு கரையும். உலர்ந்த மென்மையான துணியால் துடைத்தாலே போதும். நேர் வெயிலில் வைத்தால் மஞ்சள் நிறம் மெல்ல வெளிறும். இத்தனை சொன்னாலும், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கத் தேவையில்லை. குழந்தை கையில் எடுத்து, உருட்டி, சப்பி, சோறு சமைத்து விளையாடத்தான் அந்த நிறத்துக்கு இவ்வளவு பாடுபட்டார்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது பையில் ஒரு சொப்பு செட் இருக்கும். அதைச் செய்தவரின் பெயரைக் கேட்டு, பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கொலுவில், "இது எங்கே வாங்கினது?" என்று யாராவது கேட்பார்கள். ஊர்ப் பெயரோடு ஓர் ஆளின் பெயரையும் சொல்லலாம். அந்தப் பட்டறைக்கு அடுத்த ஆர்டர் பெரும்பாலும் அப்படித்தான் போய்ச் சேர்கிறது.