பெறாமகள் கேட்ட துவக்கு

போன வருடம் ஒரு ஞாயிறு இரவு, கனடா ஸ்காபரோவிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தா. "இவள் தன்ர பிறந்தநாளுக்குத் துவக்கு வாங்கித் தரட்டாமடி" என்றா. அதற்குமேல் கதைக்க முடியாமல் அழுதா.

பெறாமகளுக்கு 14 வயது பிறக்கவிருந்தது. அவள் அங்குள்ள கடேற் அணியில் சேர்ந்திருந்தாள். 12 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கான அமைப்பு அது. அவர்கள் இராணுவத்தினர் அல்லர். ஆனாலும் சீருடை உண்டு. குறிபார்த்துச் சுடுவதும் ஒரு பயிற்சி. அதில் அவளுக்கு நல்ல கை.

அக்கா ஏன் அழுதா என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் தம்பியை 2008 இல், 16 வயதில், வன்னியில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. அப்போது கனடாவில் இருந்த அக்காவுக்குத் தொலைபேசியில்தான் செய்தி போனது. அதன்பின் சீருடையும் துவக்கும் அவவுக்கு ஒரே நினைவுதான். மகளுக்கு மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் பிள்ளையிடம் விசாரித்தேன். "சித்தி, நாங்கள் கடதாசியைத்தானே சுடுறனாங்கள்" என்றாள். அணியில் இருப்பது காற்றுத் துவக்கு. வெடிமருந்து இல்லை. கைபிடியை ஒருதரம் இழுத்து மூடினால் உள்ளே காற்று அமுங்கும், அதனால் ஒரு சன்னம் போகும். சன்னம் 4.5 மில்லிமீற்றர் அளவான ஈயம். குறிப்பலகை 10 மீற்றர் தூரத்தில் இருக்கும். துவக்கின் நிறை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பிள்ளையின் கை நீளத்துக்கேற்பப் பின்கட்டையைக் கூட்டிக் குறைக்கலாம்.

அவள் ஆசைப்பட்டது அதையல்ல, வெடிமருந்துள்ள 'பொயின்ற் ருவென்ரி ரூ' துவக்கை. அந்நாட்டுச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். 12 முதல் 17 வயதுப் பிள்ளை பாதுகாப்புப் பயிற்சி முடித்து, பெற்றோர் சம்மதத்துடன் அனுமதிப்பத்திரம் பெற்றால், அப்படியான துவக்கை இரவல் வாங்கிப் பயிலலாம். சொந்தமாக வைத்திருக்க முடியாது. வாங்குவதென்றால் பெரியவர் ஒருவர் தன் பெயரில் அனுமதி எடுத்து, வீட்டில் பூட்டி வைக்கவேண்டும். "என்ர வீட்டுக்குள்ளயோ?" என்றா அக்கா.

ஒரு பொருளுக்கு அர்த்தம் கொடுப்பது சமூகம்தான் என்று சமூகவியல் வகுப்பில் படித்தேன். மகளுக்கு விளையாட்டுச் சாமான், தாய்க்குத் தம்பியின் முகம். இரண்டுமே உண்மை. அக்காவுக்குச் சொன்னேன்: "வேண்டாம் எண்டு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. ஆனால் ஏன் எண்டு சொல்லாட்டில் பிள்ளை உன்னைத்தான் பிழையாய் விளங்கும்."

அடுத்த ஞாயிறு மூவரும் கதைத்தோம். அக்கா முதன்முறையாகத் தம்பியைப் பற்றிச் சொன்னா. பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமாவுக்கு என்ன விளையாட்டு விருப்பம்?" என்று கேட்டாள். "கரம். அவன்ர குறி தப்பாது" என்றா அக்கா. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

ஒரு முடிவுக்கும் வந்தோம். ஒன்றும் வாங்குவதில்லை. வளரும் பிள்ளைக்கு இன்று பொருந்தும் துவக்கு அடுத்த வருடம் பொருந்தாது. தொடங்குகிறவளுக்கு அணியின் காற்றுத் துவக்கும் பக்கத்தில் நிற்கும் பயிற்றுநரும் போதும். கண்ணாடி அணியவேண்டும். வாய் எப்போதும் குறிப்பலகைப் பக்கம் இருக்கவேண்டும். குறி வைக்கும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. சன்னம் ஈயம் என்பதால் முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். துவக்கோ சன்னமோ வீட்டுக்கு வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் பிள்ளை சம்மதித்தாள்.

பின்னர் ஒருநாள் அக்கா பயிற்சி பார்க்கப் போனா. "சத்தம் சின்னன்தான்" என்று எனக்குச் சொன்னா. ஆனாலும் மகள் சீருடை மினுக்கும்போது இன்னும் அந்த அறையில் நிற்பதில்லையாம்.

சகோதரிகளே, எங்கள் பயம் பொய்யல்ல, அது பட்டு வந்த பயம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் தடையாக மட்டும் கொடுத்தால், தடையைத்தான் அவர்கள் காண்பார்கள். கதையையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் தாங்குவார்கள். எங்களையும் தாங்குவார்கள்.