ஒல்லாந்தர் மரமும் ஜப்பான் பூவும்

வத்தளையில் காணி வாங்க வருகிறவர்கள் எத்தனை பேர்ச்சஸ் என்று கேட்கிறார்கள். நிலம் எவ்வளவு உயரம் என்று கேட்பவர் குறைவு. களனி கங்கையைத் தாண்டி வடக்கே போகப் போக நிலம் தாழ்ந்து, கடைசியில் முத்துராஜவெலச் சதுப்பாகிவிடுகிறது. பக்கத்திலேயே ஹமில்டன் கால்வாய். கிரவல் மண் கொட்டி மேடாக்கிய துண்டுகளில்தான் எங்களைப் போன்ற பலருடைய வீடுகள் நிற்கின்றன.

கொட்டாஞ்சேனை மாடி வீட்டில் இருந்தவரைக்கும் பூச்சாடிக்கு மேல் எங்கள் ஆசை போனதில்லை. இங்கே ஏழு பேர்ச்சஸ். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றரைச் சற்றுத் தாண்டும். வீடும் கிணறும் வாகனம் நிற்கும் இடமும் போக மிஞ்சியது ஒரு மூலை. அந்த மூலையில் எனக்கு நிழலுக்கு ஓர் ஈரப்பலா வேண்டும். மனைவிக்குச் சீமெந்துத் தொட்டியும் அதில் மிதக்கிற பூவும் வேண்டும்.

"இஞ்சருங்கோ, வாய்க்காலுக்குள்ள ஊதாப் பூ பூத்துக் கிடக்குது. வரேக்க ரெண்டு பிடுங்கிக்கொண்டு வாங்கோவன்."

"அது ஆகாயத்தாமரை. அதை ஆரும் வீட்டில வளர்ப்பினமே?"

"வடிவாத்தானே இருக்கு. உங்கட ஈரப்பலா இலையெல்லாம் ஆர் கூட்டுறது?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தக் கணவனிடமும் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. பதில் தேடுவதை விட்டுவிட்டு இரண்டின் பூர்வீகத்தையும் விசாரிக்கத் தொடங்கினேன். வேடிக்கை என்னவென்றால், மரத்தின்மீதும் சரி, நீர்ச்செடியின்மீதும் சரி, ஊர் சுமத்தும் பழி ஒன்றுதான்: வெள்ளைக்காரன் சூழ்ச்சி.

ஈரப்பலாக் கதையை எனக்குச் சொன்னவர் ஹெந்தளைச் சந்தியில் காய் விற்கிற பெரியவர். பேரம் பேசுவதைவிடக் கதை சொல்வதில் அவருக்கு விருப்பம் அதிகம். ஒல்லாந்தர்தான் இந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டார்களாம். அன்பினால் அல்லவாம். காய் கடும் சூடு. சனம் தின்றால் குட்டம் பிடித்து அழியும் என்பது அவர்கள் கணக்காம். சில காலம் கழித்து வந்து பார்த்தால் சனம் முன்னையதைவிடக் கொழுகொழுவென்று இருந்ததாம். எங்கள் பெண்டுகள் அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கி விஷத்தை முறித்துவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே அவர் ஒரு காயைப் பிளந்து காட்டினார். வெட்டுவாயில் வெள்ளைப் பால் பொட்டுப் பொட்டாகத் திரண்டது. கத்தியில் தேங்காயெண்ணெய் பூசியிருந்தும் பால் ஒட்டியது. உள்ளே பஞ்சு போன்ற வெண் சதை. விதை என்று ஒன்றில்லை. வேரிலிருந்து வருகிற கன்றைப் பிரித்து வைத்தால்தான் அடுத்த மரம்.

இந்தக் கதையை வேறெந்த ஊரில் கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஹெந்தளையில் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. ஒல்லாந்தக் கம்பனி 1708இல் கட்டி முடித்த தொழுநோய் ஆஸ்பத்திரி அந்தச் சந்தியிலிருந்து வெகுதூரமில்லை. நோயைப் பரப்பவென்று மரம் நட்டவன் தன் பணத்தைக் கொட்டி எதற்கு ஆஸ்பத்திரி கட்டுகிறான்? அதிலும் இரக்கத்தைவிடப் பயமே அதிகம். கொழும்பில் தங்களுக்கும் தொற்றிவிடும் என்று ஆற்றுக்கு அப்பால் ஒதுக்கினார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் 1901இல் ஒரு சட்டமே போட்டு, நோயாளியைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தார்கள். நோர்வேயில் ஹான்சன் என்ற வைத்தியர் தொழுநோய்க் கிருமியை 1873இலேயே கண்டுவிட்டார். சட்டம் வந்தது அதற்குப் பிறகு. இன்று அது மாத்திரையால் குணமாகிற நோய். ஈரப்பலாக்காய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் சுவருக்கு உள்ளே போனவர் திரும்பி வராத ஊரில், சுவருக்கு வெளியே இருந்தவர்களுக்குக் காரணம் ஒன்று தேவைப்பட்டிருக்கும். வேலிக்கரையில் நின்ற மரம் அகப்பட்டது. பெரியவர் சொன்னது பொய்தான். அதன் அடியில் கிடக்கிற பயம் பொய்யில்லை.

ஈரப்பலாவுக்கு வேறு இடங்களிலும் நல்ல பெயர் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு மலிவான சாப்பாடாகும் என்று தாஹிட்டியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளை 'பவுண்டி' கப்பலில் ஏற்றிப் போனார் கப்டன் பிளை. 1789இல் மாலுமிகள் கலகம் செய்து அவரைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள். இரண்டாம் பயணத்தில் கன்றுகள் 1793இல் ஜமைக்கா போய்ச் சேர்ந்தன. அடிமைகள் காயைத் தின்ன மறுத்தார்கள். தேங்காய்ப்பால் விடத் தெரிந்த கை அங்கே இல்லை என்று எங்கள் பெரியவர் சொல்லியிருப்பார்.

இனி வாய்க்கால் பூ. ஆகாயத்தாமரையைச் சிங்களத்தில் ஜப்பான் ஜபரா என்பார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆங்கிலேயர் இதைக் குளம் வாய்க்காலெல்லாம் பரப்பி விட்டார்களாம். மேலே பறந்த ஜப்பான்காரன் பசும்புல் வெளியென்று நம்பி இறங்கி, விமானத்தோடு தாழ்ந்துபோனானாம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் கொழும்பின்மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. வந்தவை விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பியவை. திரும்பி இறங்க அவற்றுக்குக் கடலில் தளம் காத்திருந்தது. எங்கள் வாய்க்கால் எதற்கு? அதைவிடப் பெரிய சாட்சி சட்டப் புத்தகம். இந்தச் செடியை ஒழிப்பதற்கென்றே இலங்கையில் 1909இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. குண்டு விழுவதற்கு 33 வருடங்களுக்கு முன்பே அது வாய்க்கால்களைப் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் யார் கொண்டுவந்தார்கள்? 1905 அளவில், அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். பகைவன் இல்லை, சூழ்ச்சி இல்லை. யாரோ ஒருவருக்குப் பூ பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் என்ன செய்யும்? ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு இதழில் மேல் இதழ் மட்டும் சற்றுப் பெரிது. அதன் நடுவில் கருநீலத் திட்டு, அதற்குள் மயிற்கண் போல ஒரு மஞ்சள் பொட்டு. இலைக்காம்பு ஊதிப் பருத்திருக்கும். நசுக்கினால் காற்றுப் போய் அமுங்கும். அந்தக் காற்றில்தான் செடி மிதக்கிறது. அமேசன் பக்கத்து ஆறுகளில் பிறந்த அது, சூடும் அழுக்குத் தண்ணீரும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். எங்கள் வாய்க்கால்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

முத்துராஜவெலவுக்குள் இன்னொரு சாட்சி நிற்கிறது. அமெரிக்கச் சதுப்புகளுக்குரிய ஓர் அன்னமுன்னா வகை. சிங்களத்தில் வெல் ஆத்தா. நல்ல அன்னமுன்னாவை ஒட்டுவதற்கு அடிக்கன்றாக உதவும் என்று வரவழைத்தார்கள். அதன் விதை தண்ணீரில் மிதந்து போய்ச் சதுப்பில் காடாகிவிட்டது. சதுப்பின் வடபகுதியை 1996இல் சரணாலயமாக அறிவித்தது அரசாங்கம்; செடி வர்த்தமானியை வாசிப்பதில்லை. இந்த நாட்டின் நீர்நிலைகளைப் பொறுத்தவரையில் பகைவனைவிட ரசிகனே ஆபத்தானவன் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். வீட்டில் இதை இன்னும் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை.

இரண்டு வழக்குகளிலும் சட்டம் தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறது. அழகுக்கு வந்த செடியை அழிக்கச் சொன்னது 1909ஆம் ஆண்டுச் சட்டம். அழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட மரத்தையோ 1951ஆம் ஆண்டுச் சட்டம் பலாவுடனும் பெண்பனையுடனும் ஒரே வரிசையில் வைத்துக் காப்பாற்றியது. அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. அதனால் ஈரப்பலாவை நடுகிறவர் நன்றாக யோசித்து நட வேண்டும். பதினைந்து மீற்றருக்கு மேல் உயரும். மின்கம்பியும் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையும் அதற்குள் வந்துவிடும். இரவில் தகரத்தில் காய் விழுந்தால் இரண்டு குடும்பமும் எழும்பும்.

தொட்டியும் இலேசான காரியமில்லை. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. நுளம்புப் பெருக்கத்துக்கு இடம் கொடுத்தால் 2007ஆம் ஆண்டின் சட்டப்படி வீட்டுக்காரர்மேல் வழக்கு. சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. படலையைத் திறந்து வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது தொட்டியைத்தான். ஆகாயத்தாமரைக்குப் பதிலாக அல்லி வைத்தாலும் தொட்டிக்குள் கப்பி மீன் விட வேண்டும்.

எங்கள் வீட்டில் வழக்கு முடிந்துவிட்டது. மரத்துக்கு மூலை, அல்லிக்கும் கப்பி மீனுக்கும் தொட்டி, இலை கூட்டுவது என் பங்கு. இந்தப் பக்கம் காணி வாங்கியிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நேரத்தில் இரண்டடிக் குழி ஒன்று வெட்டிப் பாருங்கள். அடுத்த நாள் குழி காய்ந்திருந்தால் ஈரப்பலா வையுங்கள். தண்ணீர் ஊறி நின்றால் மரத்தை மறந்துவிடுங்கள், வேர் அழுகும். அங்கே வல்லாரையும் கங்குனும் போடுங்கள், சம்பலுக்கும் சுண்டலுக்கும் ஆகும். ஊதாப் பூவைப் பாலத்தில் நின்று எவ்வளவு நேரமும் பாருங்கள். வீட்டுக்கு மட்டும் கொண்டுவராதீர்கள்.