பல்லாங்குழி தந்த தெம்பு

பத்துப் பேருக்கென்றாலும் கட்டி தட்டாமல் ராகிக் களி கிண்டிய கை இது. போன வருஷம் மாசியில் ஒருநாள் விடிகாலை, கோலம் போட உட்கார்ந்தேன். பொடி விரலில் நிற்கவில்லை. வாய் கோணி, பேச்சும் குழறியது. மகன் பதறிப்போய் 108-ஐக் கூப்பிட்டான். பக்கவாதம்! தலைவலிதான் இல்லையே என்று ரத்தக்கொதிப்பு மாத்திரையை நானாகவே நிறுத்தியதன் பலன். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

உயிர் பிழைத்து வீடு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். அத்தை சோறு ஊட்ட, மகள் தலை பின்ன, எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. 'இனி நான் எதுக்கு ஆவேன்?' என்று சுவரைப் பார்த்தே படுத்திருப்பேன்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ந்தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் போச்சம்பள்ளியில் என் வீட்டுக்கே ஒரு பெண் பிசியோதெரபி செய்ய வந்தாள்.

"அக்கா, இந்தக் கை முன்னாடி என்னென்ன வேலை செய்யும்?" என்று கேட்டாள்.

களி, கோலம், பூத்தொடுப்பது, புளியில் கொட்டை எடுப்பது... சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியம்!

"அதெல்லாம்தான் உங்களுக்குப் பயிற்சி. திரும்பத் திரும்பச் செஞ்சா மூளை புது வழி கத்துக்கும்" என்றாள்.

அன்று மாலையே அத்தை பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். இருபது வருஷமாக என் சமையலில் குற்றம் கண்டுபிடித்தவர்தான்! மூன்று புளியங்கொட்டை எடுத்துப் போடுவதற்குள் நான் அழுதுவிட்டேன். அவர் கை கொடுக்கவில்லை. "உன் ஆட்டத்தை நீதான் ஆடணும் கண்ணு. நான் காத்திருக்கேன், எனக்கென்ன வேலை?" என்றார். தினமும் ஒரு மணி நேரம் அப்படிக் காத்திருந்தார்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், இடது கையால் கோணல்மாணலாக எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம், இன்று முடிந்த வேலை. மறுபக்கம், இன்று துணை நின்றவர். ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும்போது மறக்காமல் மாத்திரை வாங்கி வந்த பக்கத்து வீட்டுப் பெண், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என்னை விசாரித்துக் கீரை கொடுத்தனுப்பிய பாட்டி... துணையே இல்லை என்று புலம்பியவளுக்கு ஒரு பக்கம் போதவில்லை, போங்கள்!

சகோதரிகளே, உடம்பு தேறும் காலத்தில் நீங்களும் இப்படி எழுதிப் பாருங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இப்போது அவர் பானையைப் பிடித்துக்கொள்ள, நான் துடுப்பைச் சுழற்றுகிறேன். களி இன்னும் கட்டி தட்டத்தான் செய்கிறது. அத்தை மறுபடியும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.