மழலையும் பள்ளி வாயிலும்

நமது குழந்தைகள் எவ்விதமிருக்கின்றனர் என்று தோட்டப்புறத்து உறவினரும் பட்டணத்து நண்பர்களும் காணுந்தோறும் விசாரித்து வருகின்றனர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விடையிறுப்பதினும் ஒருமுறை எழுதிவிடுதல் நலமென்று தோன்றுகிறது. அன்றியும், பிள்ளை வளர்ப்பு விஷயமாக நமக்குச் சொல்லப்பட்ட யோசனைகளுட் சில, இந்நாட்டுத் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் சொல்லப்பட்டு வருபவை. அவற்றுள் ஒன்று நம் மொழியையே வீட்டைவிட்டு வெளியேற்றும் யோசனையாகும். அதனைக் கேட்டும் வாய்மூடியிருத்தல் நமக்கு இயலவில்லை.

மூத்தவள் 2015-இற் பிறந்தவள். 10-ஆம் மாதத்திற் சுவரைப் பிடித்து நின்றாள். 11-ஆம் மாதத்திற் சுவரை விட்டாள். இரண்டு வயது நிரம்புமுன் வீட்டிலுள்ளோர்க்கு உத்தரவிடத் தொடங்கினாள். அவளுடைய பாலர் பள்ளி வாழ்வு, 2020 மார்ச்சு 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபோது அறுபட்டது. அதன்பின் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அகர வரிசை எழுதிப் பழகினாள். 2022 மார்ச்சில் முகக் கவசத்துடன் ஒரு தமிழ்ப் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் நுழைந்தாள். ஆசிரியையின் முழு முகத்தைப் பல மாதங் கழித்தே கண்டாளாம். கண்களை மட்டும் பார்த்துத் தான் மனத்திற் கட்டி வைத்திருந்த முகத்திற்கும் அதற்கும் ஒற்றுமையே இல்லையென்று வந்து முறையிட்டாள். இப்பொழுது ஐந்தாம் ஆண்டு. மளிகைக் கடைச் சீட்டையும் விடாது வாசிக்கிறாள். அவளைப் பற்றி இவ்வளவு போதும்.

இளையவன் 2019-இற் பிறந்தவன். எதனையும் அவசரமாகச் செய்யும் வழக்கம் அவனிடமில்லை. 8-ஆம் மாதத்தில் உட்கார்ந்தான். தவழவேயில்லை, உட்கார்ந்தபடியே ஒரு காலால் உந்தியுந்தி வீடு முழுவதும் சென்றான். 16-ஆம் மாதத்தில் ஒருநாள், யாரும் பாராத வேளையில் எழுந்து சமையற்கட்டுக்கு நடந்து போனான். ‘அக்காள் இந்த வயதில் ஓடினாளே!’ என்று வருவோரெல்லாம் சொன்னார்கள். பிள்ளைகளைத் துலாக்கோலின் இரு தட்டிலும் ஏற்றிப் பார்ப்பதில் நம்மவர்க்குள்ள ஊக்கம் வேறெதிலும் உண்டோ அறியோம். கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளிற் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலகச் சுகாதார ஸ்தாபனம் 2006-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. உடல்நலமுள்ள குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்குங் காலம் ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிந்து கிடக்கிறதென்பது அதன் முடிவு. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முழந்தாளும் ஊன்றித் தவழாமலே நடையைக் கற்றுவிட்டனவாம். ஆகவே நம் மகன் தனித்தொரு பிறவியல்லன்.

நம் முன்னோரும் இதனைக் கவனியாதவரல்லர். பிள்ளைத்தமிழுக்குரிய பத்துப் பருவங்களை 3-ஆம் மாதந் தொடங்கி 21-ஆம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் வரிசைப்படுத்திக் கூறுவதுண்டு. 5-ஆம் மாதத்துச் செங்கீரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலைதூக்கிக் குழந்தை அசைந்தாடும். 9-ஆம் மாதத்துச் சப்பாணியிற் கைகொட்டும். 13-ஆம் மாதத்து வருகையில் தளர்நடையிட்டு வரும். திண்ணையிலிருந்த ஒரு தாய் பார்த்துச் சொன்னதையே பிற்காலத்தில் ஒரு புலவர் இலக்கணமாக்கியிருத்தல் வேண்டும் என்பது நம் எண்ணம். ஆயினும் கடைசி மூன்று பருவங்களில், ஆண்பிள்ளைக்குப் பிறர் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்கவும், பறை முழக்கவும், தேருருட்டவும் வீதியைத் திறந்துவிட்டவர், பெண்பிள்ளையை அம்மானைக்கும் நீராடலுக்கும் ஊஞ்சலுக்கும் அனுப்பிவிட்டனர். சுகாதார நிலையத்தில் நமக்குக் கொடுத்த குழந்தைப் பதிவேடுகளும் மகளுக்கு இளஞ்சிவப்பு, மகனுக்கு நீலம் என்றே இருந்தன. ஊசி போட வந்த பிள்ளைக்கு நிறத்தால் ஆகும் பயன் யாதோ!

நிற்க. நடையைக் குறித்து நாம் ஒருநாளும் அஞ்சியதில்லை. அஞ்சியது பேச்சைக் குறித்தே. இரண்டு வயதில் இரண்டு சொற்களைக் கூட்டி, ‘பால் தா’, ‘அம்மா வா’ என்று குழந்தைகள் பெரும்பாலும் சொல்லிவிடும். நம் மகனுக்கு இரண்டரை வயதாகியும் ஒன்பது சொற்களே வந்தன. அவற்றுள் மூன்று, விலங்குகளின் ஓசை. பின்னாலிருந்து அழைத்தால் திரும்புவதுமுண்டு, திரும்பாததுமுண்டு. பிடிவாதம் என்றனர் சிலர்.

யோசனைகள் மழைபோற் பொழிந்தன. முதற்கேள்வி, ‘பிள்ளைக்குச் சேனை வைத்தவர் யார்?’ என்பது. பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதல் இனிப்புத் தொட்டு வைப்பவரின் வாக்கும் குணமும் அதற்கு வரும் என்பது நம்மவர் நம்பிக்கை. முதல் 6 மாதந் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டாவென்று தாதியர் கூறியவாறு நடந்தமையால், நம் வீட்டிற் சேனையே வைக்கவில்லை. அதுவே குற்றமாயிற்று. ஒருவர் சங்கில் இராமுழுதும் நீர் வைத்துக் காலையிற் புகட்டச் சொன்னார். ஒருவர் வசம்பைச் சுட்டு நாவில் தேய்க்கச் சொன்னார். ஒருவர் தாயத்தே கொண்டுவந்து விட்டார். இவர்களெல்லாம் பட்டணத்தில் மின்சார விசிறியின்கீழ் அமர்ந்து கைப்பேசியிற் செய்தி படிப்போர் என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். இளந்தாய்மார்க்கு மட்டும் ஒரு வார்த்தை: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பது விளையாட்டன்று. தேனிற் சில வேளை கலந்திருக்கும் கிருமி வித்துக்கள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சுண்டாக்கும்; அந்நஞ்சு உடலைத் தளரச் செய்து மூச்சையும் தடுக்கக்கூடும்.

பகுத்தறிவுள்ள யோசனை தோட்டத்திலிருந்தே வந்தது. நம் துணைவியாரின் அன்னையார், கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்து, அங்கேயே பால்மரஞ் சீவியவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய்மார், உறங்கும் பிள்ளைகளைத் தூக்கிவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் நடந்தது என்று அங்கே யார் எழுதி வைத்தார்கள்? அக்கொட்டகையில் அவரோடு வளர்ந்த பையன் ஒருவனுக்குப் பேச்சு வரவில்லை. ‘ஊமையன்’ என்பதே அவனுக்குப் பெயராகிவிட்டது. ஏனையோர் பள்ளிக்கூடத்திற்குப் போனபோது அவன் மாடு மேய்க்கப் போனான். லயத்தில் யார் வீட்டிலேனும் தகர டப்பா விழுந்தால் எல்லாரும் திடுக்கிடுவர். அவன் மட்டும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். இதனைச் சொல்லிவிட்டு அம்மூதாட்டியார், ‘அவனுக்குக் காது கேட்குதா இல்லையான்னு கடைசிவரை யாருமே பாக்கல. நீங்க மொதல்ல தம்பி காதைப் பாருங்க’ என்றார்.

பார்த்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியிற் செவிச் சோதனை செய்தபோது, இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னே நீர் கட்டியிருப்பது தெரியவந்தது. இளங்குழந்தைகளுக்கு இது மிகச் சாதாரணமாக வருவதொன்று. காதுக்கும் தொண்டைக்கும் இடையேயுள்ள குழல் அவ்வயதிற் குறுகியும் சாய்வின்றியும் இருப்பதால், சளிபிடித்தால் அடைத்துக்கொள்கிறது. பசைபோன்ற நீர் உள்ளே தங்கிவிடுகிறது. வலியிராது, காய்ச்சலிராது. மோட்டார் வண்டியின் இரைச்சல் கேட்கும். மெல்லப் பேசுஞ் சொல் நீருக்குள் மூழ்கிக் கேட்பது போற் கேட்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடுமாதலால், காத்திருக்கச் சொன்னார்கள். நம் மகனுக்கு வடியவில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியிற் செவிப்பறையில் ஒரு நெல்மணியினுஞ் சிறிய குழாய் பொருத்தினார்கள். வீடு திரும்பிய அன்று மாலை மழை பெய்தது. தகரக் கூரையில் விழும் மழையைக் கேட்டு அவன் நம் மடியில் முகம் புதைத்துக்கொண்டான். மூன்று வயதுப் பிள்ளை மழையோசையை அன்றுதான் முழுமையாகக் கேட்டான் போலும்.

செவி திறந்தது, சொல் உடனே வந்துவிடவில்லை. அந்த இடைவெளியிலேதான், முன்னே குறித்த யோசனை நம்மிடம் வந்தது. சொன்னவர் கற்றவர், குழந்தைகளோடு பழகும் தொழிலினர். ‘வீட்டில் ஒரு மொழி, வெளியே வேறு மொழி என்றிருப்பதாற் பிள்ளை குழம்புகிறான். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் ஒன்றிலேயே பேசிவாருங்கள்’ என்றார். சங்கு நீர் சொன்னவரை நாம் நகைத்து அனுப்பினோம். இவரை நகைத்து அனுப்பத் துணிவோர் எத்தனை பேர்? பட்டமும் பதவியும் உடையவர் சொல்வது மருத்துவமாகத்தான் இருக்குமென்று எண்ணிப் பல வீடுகளில் இதனை நிறைவேற்றி வருகின்றனர்.

இதற்கு ஆராய்ச்சியின் ஆதரவு கிடையாது. இருமொழி கேட்டு வளரும் பிள்ளைக்கு அக்காரணத்தாற் பேச்சுத் தாமதமாவதில்லை என்பது பன்னெடுங்காலமாகப் பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட முடிவு. ஒரு மொழியில் அறிந்த சொற்களை மட்டும் எண்ணினால் அப்பிள்ளை பின்தங்கியது போற் காணப்படும்; இரண்டிலும் அறிந்தவற்றைக் கூட்டினாற் கணக்குச் சரியாய்விடும். மூளை வளர்ச்சியிற் குறையுள்ள பிள்ளைகள்கூட இருமொழி கற்றிருக்கின்றன. ஆனால் இவ்வாராய்ச்சிகளை வாசிக்குமுன்னரே நம் வீட்டு நிலைமை நமக்கு விடை சொல்லிவிட்டது. நாமும் துணைவியாரும் வேலைக்குச் சென்றபின், காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை அவனோடிருப்பவர் அம்மூதாட்டியாரே. அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். ஆங்கிலமொன்றே என்று நாம் விதித்திருந்தால், பேச்சுக்குப் பசித்திருந்த பிள்ளையோடு நாளெல்லாம் பேசக்கூடிய ஒரே மனிதரின் வாயை அடைத்திருப்போம். ஊமையாகியிருப்பவர் இருவர்.

பேச்சுப் பயிற்சி தந்த மலாய் அம்மையாரிடம் இதனைக் கேட்டோம். ‘வீட்டில் எம்மொழி தாராளமாக வருகிறதோ அதிலேயே பேசுங்கள், தடுமாறும் மொழியிற் குறைவாகப் பேசுவதினும் அதுவே நன்று’ என்றார். அவர் கற்பித்த முறை எளியது: குழந்தையின் முகத்திற்கு நேரே குனிந்து அமர்தல், அவன் பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லுதல், பின் அவன் வாய் திறக்குமட்டும் காத்திருத்தல். காத்திருத்தலே கடினம். நாம் மூன்று விநாடியில் விடையை நாமே சொல்லிவிடுவோம். மூதாட்டியாரோ கீரை ஆய்ந்துகொண்டே, ‘இது என்ன தம்பி?’ என்று கேட்டுவிட்டு, கட்டு முழுவதும் ஆய்ந்து முடியும்வரை காத்திருப்பார். பால்மரத்தடியிற் கோப்பை நிரம்பக் காத்திருந்தவருக்கு இது ஒரு பொருட்டன்று. முதலில் வந்த சொல் ‘கீய்’. அது கீரை என்பது வீட்டில் அனைவர்க்கும் விளங்கிற்று.

சிங்கப்பூரிலுள்ள நம் உறவினர் சிலர் இப்படிக் காத்திருக்க நேரமின்றி, வீட்டு மொழியை மாற்றிக்கொண்டனர். அங்கே கடைசித் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழ் இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. எனினும், 5 வயதும் அதற்கு மேலுமுள்ள குடிகளுள் வீட்டிற் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 3.3 ஆக இருந்தவர், 2020 குடிமதிப்பில் 2.5 ஆகக் குறைந்துவிட்டனர். வேற்றிடத்தார் குடியேற்றம் முதலிய காரணங்களும் இக்கணக்கிற் கலந்திருக்கலாம். ஆனாற் பாட்டியிடம் பேசுவதற்குத் தாயைத் துபாஷியாக வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். துபாஷியாயிருக்கும் அத்தாய்க்கும் அது மகிழ்ச்சி தருவதாகத் தெரியவில்லை.

மகன் 2024-இற் பாலர் பள்ளிக்குப் போனான். குழாய்கள் அதற்கு முன்னரே தாமாக விழுந்துவிட்டன, காது தெளிவாயிருக்கிறது. அங்கே மலாயும் ஆங்கிலமும் ஓராண்டுக்குள் அவனிடம் வந்து சேர்ந்தன. எம்மொழியை யாரிடம் பேசவேண்டும் என்பதில் அவனுக்கு ஒருபொழுதும் குழப்பம் வந்ததில்லை. ‘ழ’ இன்னும் ‘ய’ ஆகவே ஒலிக்கிறது. மேடையேறித் தமிழ் முழக்கஞ் செய்யும் பெரியோர் பலருக்கும் அஃது அவ்வாறே ஒலிப்பதால், இதனை நாம் பெரிதுபடுத்தவில்லை.

2026 ஜனவரியில் முதலாம் ஆண்டில் அமர்ந்தான், அக்காள் படிக்கும் அதே பள்ளியில். மூதாட்டியாரும் உடன் வந்தார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளிக்கூடம் வைத்தல் வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வகையில் எழுந்த பள்ளிக்கூடமொன்றில் அவர் நான்கு வருஷம் படித்தார். தம்பி பிறந்ததும், அவனைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆளில்லையென்று நிறுத்திவிட்டார்கள். வாயிலில் நின்று பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், சப்பாத்துக்கள் கறுப்பாயிருப்பதேன் என்று கேட்டார். 2021 முதல் வெள்ளைச் சப்பாத்துக்குப் பதில் கறுப்பு என்று விதி மாறியதைச் சொன்னோம். வெள்ளைச் சப்பாத்துக்கு மாவு பூசிப் பூசித் தம் பெண்களை அனுப்பியவராதலின், ‘இதை அப்பவே செஞ்சிருக்கக் கூடாதா?’ என்றார்.

ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் கேட்டு வந்தார். நம் மகன் முறை வந்தபோது அவன் உடனே விடை சொல்லவில்லை. துணைவியார் சன்னலுக்கு வெளியே நின்று தாமே சொல்லிவிட வாயெடுத்தார்; மூதாட்டியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியையும் காத்திருந்தார். பிறகு பெயரைச் சொன்னான். கேளாமலே அக்காளின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொன்னான். மூன்றாம் வாரத்தில் வகுப்பிலிருந்து நமக்கு ஒரு சீட்டு வந்தது: பக்கத்துப் பையனோடு ஓயாது பேசுகிறானாம். அவனை முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி வரும் சளிக்காலத்தில் மீண்டும் நீர் கட்டாதிருக்கிறதா என்று பார்க்க, ஜூன் மாதத்தில் மறுபடியும் செவிச் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறது.