அம்மாவின் திகதி

"பிள்ளை, நான் முதன்முதல் உங்களிட்டைப் பதிஞ்ச திகதி வேணும். அந்தத் துண்டு வெள்ளத்தோடை போட்டுது."

எமது கிளிநொச்சிக் காரியாலயத்துக்கு வந்த அம்மா ஒருவர் இப்படித்தான் கேட்டார். 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது, காணாமல் போன மகனைப் பற்றி எமது அமைப்பிடம் பதிந்தவர் அவர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த விபரங்களோடு இதையும் சேர்க்க விரும்பினார்.

பதிவுகள் யாவும் கொழும்பில் இருந்த எமது தலைமைக் காரியாலயத்தின் சேர்வரில், அதாவது பெரிய பொதுக் கணினியில் இருந்தன. நிதி இல்லாமல் அது மூடப்பட்டபோது, அங்கிருந்த ஆறு தரவுத்தளங்களில் பெண்களின் பதிவுகள் உள்ள ஒன்றின் பிரதியை மட்டும் எடுத்து வந்திருந்தோம். பிரதி வெறும் 3 கிகாபைற். எங்கள் சிறிய கணினியில் 70 கிகாபைற் இடம் இருந்தது. லேசான வேலை என்றுதான் நினைத்தேன்.

மீட்கத் தொடங்கியதும் 164 கிகாபைற் இடம் வேண்டும் என்றது கணினி. எனக்கு நெஞ்சு பதறியது. சமூகவியல் படித்த எனக்கு இது புரியவில்லை. கணினி படிப்பிக்கும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன்.

"பிரதி பழுதில்லை அக்கா. எஸ்.கியூ.எல். சேர்வர் பாவித்த பக்கங்களை மட்டுமே பிரதி எடுக்கும். ஆனால் மீட்கும்போது, கோப்புகள் முன்பு இருந்த அதே அளவில் திரும்ப உருவாக்கும். உள்ளே வெறுமையாக இருந்தாலும் அப்படித்தான்."

பதிவுகள் 4 கிகாபைற் மட்டுமே. மிச்சம் 160உம், செய்த மாற்றங்களைக் குறித்து வைக்கும் 'லொக்' கோப்பு. அதற்கென்று தனியாகப் பிரதி எடுத்திருந்தால் உள்ளே இடம் விடுபட்டிருக்கும். வருடக்கணக்கில் நாங்கள் எவரும் அதைக் கவனிக்காததால் வளர்ந்து போயிற்று. பத்து மூடை நெல்லை வைக்க, பழைய களஞ்சியத்தையே எங்கள் முற்றத்தில் கட்டச் சொன்னது போல இருந்தது.

தம்பி ஒரு வெளித் தட்டைக் கொண்டு வந்து, லொக் கோப்பை மட்டும் அதில் வைக்கச் செய்தார். அந்த 160 கிகாபைற்றையும் கணினி பூச்சியங்களால் நிரப்பி முடிக்கவேண்டும். கரண்ட் போய்விடுமோ என்று இரவு முழுக்கக் கண் விழித்திருந்தேன். விடியப்புறம் முடிந்தது. பின் லொக் கோப்பைச் சுருக்கி, புதிதாக ஒரு பிரதி எடுத்து, அதை எங்கள் கணினிக்குள்ளேயே மீட்டோம். வெளித் தட்டில் இருந்ததை முற்றாக அழித்தோம். எத்தனை பெண்கள் எம்மை நம்பிச் சொன்ன விடயங்கள் அவை!

பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. எழுத்துப் பிழை. ஊரின் பெயரால் தேடியபோது வந்தது: 2009 ஆடி 14. அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ரை பிள்ளையின்ரை பேர் கிடக்கு," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்கள் சங்கத்தின் பதிவுகளும் கணினியில் இருக்கலாம். பிரதி எடுத்தோம் என்று மட்டும் ஆறுதல் அடையாதீர்கள். உங்களிடம் உள்ள சிறிய கணினியில் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். தேவை வருவதற்கு முன்பே பாருங்கள். உங்கள் கையில் உள்ள துண்டுகளுக்கும் ஒரு போட்டோப் பிரதி எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.